இன்ஹிபிட்டர் டெஸ்ட்: ட்யூபோடு சேர்ந்து வரும் தப்புகள்

ரத்த உறைதல் சம்பந்தப்பட்ட டெஸ்டுகள் மட்டும் செய்கிற லேபில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பெஞ்சில் அதிக ஃபோன் வருவதும், அதிக வாக்குவாதம் நடப்பதும், "திரும்ப ஒருமுறை செய்து பாருங்கள்" என்று அடிக்கடி கேட்கப்படுவதும் இன்ஹிபிட்டர் டெஸ்டுக்குத்தான். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா உள்ளவருக்கு, அவரிடம் குறைவாக இருக்கும் உறைதல் புரதத்தை, அதாவது ஃபேக்டரை, மருந்தாகக் கொடுப்பார்கள். அந்த ஃபேக்டரையே அவர் உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டதா, உண்டாக்கியிருந்தால் எவ்வளவு என்று பார்ப்பதுதான் இந்த டெஸ்ட். இத்தனை காலத்தில் நான் பார்த்த தப்பான ரிசல்ட்டுகளில் பெரும்பாலானவை மெஷினில் பிறந்தவை அல்ல. ட்யூபோடு சேர்ந்து உள்ளே வந்தவை, அல்லது ஃபாரத்தில் யாரோ எழுதாமல் விட்ட ஒரு வரியால் வந்தவை. அதனால் நோயாளி வீட்டாருக்கும், ரத்தம் எடுத்து அனுப்பும் வார்டுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு வரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டர் எட்டு குறைவது ஹீமோஃபீலியா ஏ, ஒன்பது குறைவது பி. ஃபேக்டர் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கிற கடுமையான ஏ வகையில் கிட்டத்தட்ட 25 முதல் 30 சதவீதம் பேருக்கு இன்ஹிபிட்டர் வருகிறது. பி வகையில் இது மிகவும் குறைவு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், ஃபேக்டர் ஏற்றிய முதல் 20 நாட்களுக்குள் வந்துவிடும். நாள் என்றால் காலண்டர் நாள் இல்லை, ஃபேக்டர் உடம்புக்குள் போன நாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும். 50 நாள் தாண்டினால் ஆபத்து நன்றாகக் குறையும், ஆனால் பூஜ்யமாகாது. அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கு வர வாய்ப்பு கூடுதல், ஜீனில் பெரிய பகுதியே காணாமல் போனவர்களுக்கும் அப்படித்தான். 2016இல் வெளியான சிப்பெட் ஆய்வில், இதற்கு முன் ஃபேக்டர் எட்டு மருந்து போட்டதே இல்லாத, அல்லது மிகக் குறைவான சிகிச்சை மட்டும் பெற்ற குழந்தைகளில் பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் திரவம்) எடுத்த ஃபேக்டர் கொடுக்கப்பட்டவர்களுக்கு 26.8 சதவீதமும், ரீகாம்பினன்ட், அதாவது ஜீன் தொழில்நுட்பத்தில் தயாரித்த ஃபேக்டர் கொடுக்கப்பட்டவர்களுக்கு 44.5 சதவீதமும் இன்ஹிபிட்டர் வந்தது. அந்த எண்களை வைத்துக்கொண்டு எது நல்லது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் நான் தலையிடவில்லை, என் வேலை ட்யூபில்தான் தொடங்குகிறது.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடுமையான வகையில் இன்ஹிபிட்டர் வந்ததும் ரத்தக்கசிவு திடீரென்று பெருகிவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. வழக்கமாக ஒரு டோஸில் அடங்குகிற முழங்கால் வீக்கம் இந்தத் தடவை இரண்டு டோஸ் போட்டும் அடங்கவில்லை என்பதுதான் முதல் அறிகுறி. லேசான வகையில் கதை வேறு: அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஃபேக்டர் இருக்கும், ஆன்டிபாடி சில சமயம் அதையும் சேர்த்து முறித்துவிடும், இதுவரை சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர் கடுமையான நோயாளி மாதிரி கசிய ஆரம்பித்துவிடுவார். பெரிய ஆபரேஷனுக்காக நிறைய ஃபேக்டர் ஏற்றிய பிறகு இது நடப்பதுண்டு, எந்த வயதிலும்.

சந்தேகம் வந்தால் முதலில் எளிதாகச் செய்யக்கூடியது ரிகவரி பார்ப்பது, அதாவது ஏற்றிய ஃபேக்டர் ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று அளப்பது. ஃபேக்டர் எட்டில் கிலோவுக்கு 1 யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் சுமார் 2 சதவீதம் ஏற வேண்டும். 20 கிலோ குழந்தைக்கு 500 யூனிட் போட்டால் கிலோவுக்கு 25, ஆகவே 50 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். ஊசி போட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் எடுத்த சாம்பிளில் 12 தான் இருக்கிறது என்றால் எங்கேயோ உதைக்கிறது. ஆனால் அந்த ரத்தத்தை ஊசி போட்ட அதே கையிலிருந்து, அதே ஊசி வழியாக எடுத்திருந்தால் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. மறு கையில் எடுங்கள்.

சரி, லேபுக்குள் வருவோம். முதலில் ஏபிடிடி, அதாவது பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்ற டெஸ்ட், நீண்டிருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் மிக்ஸிங். நோயாளியின் பிளாஸ்மாவையும் பல ஆரோக்கியமானவர்களிடமிருந்து சேர்த்த நார்மல் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து மறுபடி ஏபிடிடி போடுவது. ஃபேக்டர் வெறுமனே குறைந்திருந்தால் நார்மல் பிளாஸ்மா அதை ஈடுகட்டி நேரம் சரியாகிவிடும். முறிக்கிற ஆன்டிபாடி இருந்தால் சரியாகாது. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் வில்லங்கம் என்னவென்றால், ஃபேக்டர் எட்டுக்கு எதிரான ஆன்டிபாடி அவசரப்படாது. கலந்த உடனே பார்த்தால் ஏமாற்றிவிடும். லேசான ஹீமோஃபீலியா உள்ள ஒருவர், நடுத்தர வயது, ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத் தொடையில் பெரிய ரத்தக்கட்டோடு வந்தார். அவருடைய ஏபிடிடி 90 விநாடிக்கு மேல், நார்மல் பிளாஸ்மாவுக்கு 31. கலந்த உடனே போட்டால் 37. கிட்டத்தட்ட சரியாகிவிட்ட மாதிரிதான் தெரிகிறது, "கரெக்டாகிவிட்டதே, இன்ஹிபிட்டர் இல்லை என்று சொல்லிவிடலாமா" என்று வார்டிலிருந்து டாக்டர் கேட்கவும் செய்தார். அதே கலவையை 37 டிகிரி வாட்டர் பாத்தில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துப் போட்டபோது 68. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மாற்று வழி கிடையாது, யார் அவசரப்படுத்தினாலும் கிடையாது.

இங்கே ஒரு கன்ட்ரோல் உண்டு, பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நார்மல் பிளாஸ்மாவில் இருக்கும் ஃபேக்டர் எட்டே இரண்டு மணி நேரச் சூட்டில் தானாகக் கொஞ்சம் செத்துப்போகும். அதனால் நோயாளி பிளாஸ்மாவையும் நார்மல் பிளாஸ்மாவையும் தனித்தனி ட்யூபில் அதே நேரம் சூட்டில் வைத்து, கடைசியில் கலந்து, அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். சேர்த்து வைத்ததற்கும் தனியாக வைத்துக் கலந்ததற்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் ஆன்டிபாடி செய்த வேலை. கன்ட்ரோல் இல்லாமல் இரண்டு மணி நேர மிக்ஸிங் போட்டால் ஒன்றும் இல்லாதவருக்கும் லேசாக இருப்பதுபோல் தெரியும்.

மிக்ஸிங் ஒரு வாசல்தான். 0.6, 0.8 யூனிட் மாதிரி (யூனிட் என்ன என்று கீழே சொல்கிறேன்) சின்ன இன்ஹிபிட்டர் அதில் பிடிபடாமல் போவது சகஜம். மிக்ஸிங் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து "இல்லை" என்று சொல்லும் ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன், அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு பெதஸ்டா முறை. 1975இல் காஸ்பரும் அவருடன் இருந்தவர்களும் எல்லா லேபும் ஒரே அலகில் பேசுவதற்காக வெளியிட்டது. 37 டிகிரியில் இரண்டு மணி நேரத்தில், கலவையில் இருக்கும் ஃபேக்டர் எட்டில் பாதியை முறிக்கிற அளவு ஆன்டிபாடி இருந்தால் அது 1 பெதஸ்டா யூனிட். முறித்தது போக மிச்சம் 50 சதவீதம் என்றால் 1 யூனிட், 25 என்றால் 2 யூனிட், 75 என்றால் ஏறக்குறைய 0.4. இந்த முறையில் ஒரு குறை இருந்தது: சூட்டில் வைத்திருக்கும்போது பிளாஸ்மாவின் பிஹெச் ஏறும், அதிலும் ஃபேக்டர் எட்டு கெடும், அதனால் உண்மையில் ஒன்றுமே இல்லாதவருக்குச் சின்னப் பாசிட்டிவ் வரும். 1995இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துக்காரர்கள் இரண்டு மாற்றம் செய்தார்கள். நார்மல் பிளாஸ்மாவை இமிடசோல் பஃபர் சேர்த்து பிஹெச் 7.4இல் நிறுத்தினார்கள்; கன்ட்ரோல் ட்யூபிலும் நீர்க்கச் செய்யவும் வெறும் பஃபருக்குப் பதில் ஃபேக்டர் எட்டு இல்லாத பிளாஸ்மாவைப் பயன்படுத்தினார்கள். செலவு கூடும், உண்மைதான். ஆனால் சின்ன எண்களில் எது நிஜம், எது மாயை என்று பிரித்துச் சொல்ல இதுதான் உதவுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த முறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது நீர்த்தல் பற்றி. மிச்ச சதவீதம் 25க்கும் 75க்கும் நடுவில் விழுகிற ட்யூபை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒருவருக்கு எட்டு மடங்கு நீர்த்ததில் மிச்சம் 35 சதவீதம் வருகிறது என்று வையுங்கள். 2இலிருந்து 35இன் லாக் மதிப்பைக் கழித்து 0.301ஆல் வகுத்தால் 1.5, எட்டால் பெருக்கினால் 12 யூனிட். பதினாறு மடங்கில் மிச்சம் 59 என்றால் 0.76, பதினாறால் பெருக்கினாலும் அதே 12. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். இதையே நீர்க்காத ட்யூபில் மட்டும் பார்த்து, மிச்சம் 1 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 6.6 வரும். உண்மையில் 12 இருக்கலாம், 200 இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அந்த ட்யூப் 6.6க்குப் பக்கத்தில்தான் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் 6.6 மாதிரி ஓர் எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவதே நீர்க்கவே இல்லையோ என்பதுதான்.

நீர்க்க நீர்க்கக் கணக்கு ஒத்துவராமல் ஏறிக்கொண்டே போகிற ஆன்டிபாடிகளும் உண்டு. எவ்வளவு நேரம் விட்டாலும் ஃபேக்டரை முழுசாக முறிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வகை அது, இரண்டாம் வகை என்போம், லேசான ஹீமோஃபீலியாவிலும், ஹீமோஃபீலியாவே இல்லாமல் வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் நோயிலும் பார்க்கலாம். அங்கே எண்ணை ரொம்பத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ட்யூபோடு சேர்ந்து வரும் தப்புகளுக்கு வருகிறேன், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதலாவது ஹெப்பரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. நரம்பு கிடைக்காத சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சில் தோலுக்கு அடியில், மருந்து ஏற்ற வசதியாக போர்ட் என்ற சின்னக் கருவி வைத்திருப்பார்கள், அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஹெப்பரின் விட்டு மூடுவார்கள். அதிலிருந்தே ரத்தம் எடுத்தால் குழந்தைக்கும் குத்தல் இல்லை, எடுப்பவருக்கும் சுலபம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி வந்த ஒரு சாம்பிளில் ஏபிடிடி உறையவே இல்லை, மிக்ஸிங்கும் சரியாகவில்லை, அசல் இன்ஹிபிட்டர் போலவே இருந்தது, வார்டில் வீட்டாரிடம் சொல்லியும் விட்டார்கள். எனக்கு இடித்தது என்னவென்றால், கலந்த உடனேயே அவ்வளவு நீண்டிருந்தது. ஃபேக்டர் எட்டு இன்ஹிபிட்டர் பொதுவாக இரண்டு மணி நேரத்தில் காட்டுகிற வேலையை இது முதல் நிமிடத்திலேயே காட்டியது. பிளாஸ்மாவில் த்ராம்பின் சேர்த்து உறையும் நேரம் பார்க்கும் த்ராம்பின் டைம் டெஸ்ட் போட்டோம், அதுவும் உறையவில்லை. ஃபேக்டர் எட்டு ஆன்டிபாடி த்ராம்பின் டைமைத் தொடவே தொடாது, ஹெப்பரின்தான் தொடும். கையிலிருந்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னோம், அந்தப் புது சாம்பிளில் இன்ஹிபிட்டர் இல்லவே இல்லை. அந்தக் குடும்பம் அதற்குள் பட்ட பாடு தேவையே இல்லாதது. போர்ட் இருக்கும் பிள்ளையானாலும் இந்த ஒரு டெஸ்டுக்குக் கையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

ட்யூப் நீல மூடி, உள்ளே ரத்தம் உறையாமல் வைக்கும் 3.2 சதவீத சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. கோடு வரை நிரம்ப வேண்டும். பாதி ட்யூப் அனுப்பினால் சிட்ரேட் அதிகமாகி நேரம் பொய்யாக நீளும். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கினால் போதும், குலுக்கக்கூடாது. வேறு ஊரிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால் பிளாஸ்மாவை இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜ் செய்து தட்டணுக்களை நன்றாக நீக்கி, உறையவைத்து, வழியில் உருகாமல் அனுப்ப வேண்டும். வழியில் உருகி மறுபடி உறைந்த சாம்பிளில் ஃபேக்டர் எட்டு குறைந்துபோயிருக்கும், அதை வைத்து எதையும் பேச முடியாது.

இரண்டாவது, மிச்ச ஃபேக்டர். நேற்று ஃபேக்டர் போட்டுவிட்டு இன்று இன்ஹிபிட்டர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தால், உடம்பில் மிச்சமிருக்கும் ஃபேக்டரும் அளவில் சேர்ந்துகொண்டு இன்ஹிபிட்டரைக் குறைத்தோ இல்லாமலோ காட்டிவிடும். சாதாரண ஃபேக்டர் எட்டானால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுப்பது வழக்கம், நீண்ட நேரம் நிற்கும் புது வகைகளுக்கு இன்னும் அதிகம். அப்படி நிறுத்திவைக்க முடியாதவர்களுக்கு பிளாஸ்மாவை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி ஃபேக்டரை மட்டும் அழித்துவிட்டு, வண்டலை சென்ட்ரிஃப்யூஜில் ஒதுக்கி, மேலே இருப்பதை வைத்து டெஸ்ட் செய்வோம். ஆன்டிபாடி அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் கடைசி டோஸ் எப்போது, என்ன மருந்து என்று ஃபாரத்தில் இருந்தால்தானே செய்ய முடியும்? எங்களுக்கு வரும் ஃபாரங்களில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் வழக்கம் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் மாட்டிவிடுவது: எமிசிசுமாப். ஃபேக்டர் எட்டு செய்யும் வேலையை, ஒன்பதையும் பத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தானே செய்துவிடும் மருந்து, தோலுக்கு அடியில் போடுவது. இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு வாழ்க்கையையே மாற்றிய மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏபிடிடி டெஸ்ட் இதனிடம் ஏமாந்துவிடும். கடுமையான ஹீமோஃபீலியா என்று எழுதி வந்த ஒரு பையனின் சாம்பிளில் ஏபிடிடி 22 விநாடி, நார்மலை விடக் குறைவு. உறையும் நேரத்தை வைத்து ஃபேக்டரை அளக்கும் ஒன் ஸ்டேஜ் முறையில் ஃபேக்டர் எட்டு நம்ப முடியாத உயரத்தில். வார்டுக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் பேசினால், "மாசத்துக்கு ஒரு ஊசி போடறோம் சார், அது ஃபேக்டர் இல்லைன்னு சொன்னாங்க, அதான் எழுதலை" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? ஃபாரத்தில் கேட்டதே ஃபேக்டர் மட்டும்தான்.

வழக்கமான பெதஸ்டாவில் இந்த மருந்து இருந்தால் நிஜமாக இருக்கும் இன்ஹிபிட்டரும் இல்லை என்று வரும், அதுதான் ஆபத்து. சூடாக்கினாலும் இந்த மருந்து அழியாது. உறைவதைப் பார்க்காமல் நிற மாற்றத்தை வைத்து அளக்கும் குரோமோஜெனிக் முறையில், மாட்டின் ஃபேக்டர்களைக் கொண்ட ரீஏஜென்ட் வைத்துத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் எமிசிசுமாப் மனித ஃபேக்டர்களைத்தான் பிடிக்கும், மாட்டினதைக் கண்டுகொள்ளாது. மருந்தை நிறுத்தினாலும் ஆறு மாதம் வரை ரத்தத்தில் தங்கலாம், அதனால் "இப்போது போடுவதில்லை" என்றாலும் கடைசியாக எப்போது போட்டது என்று எழுதுங்கள்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று இன்னொன்று உண்டு, எந்த ஒரு ஃபேக்டரையும் குறிவைக்காமல் உறைதல் டெஸ்டையே குழப்பும் ஆன்டிபாடி, அதுவும் கலந்த உடனே நேரத்தை நீட்டும். எட்டு, ஒன்பது, பதினொன்று என்று எல்லா ஃபேக்டரும் சேர்ந்து குறைவாக வந்து, நீர்க்க நீர்க்க எல்லாமே ஏறினால் அதைச் சந்தேகிப்போம். இதற்கும் குரோமோஜெனிக் முறை உதவும்.

எண் கையில் வந்த பிறகு: ஃபேக்டர் எட்டில் 0.6, ஒன்பதில் 0.3, இவற்றிலிருந்து பாசிட்டிவ். 5 யூனிட் வரை குறைந்த டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு), அதற்கு மேல் அதிக டைட்டர். குறைவாக இருந்தால் ஃபேக்டர் டோஸைக் கூட்டி ஆன்டிபாடியை மிஞ்சப் பார்க்கலாம், அதிகமானால் ஃபேக்டர் ஏற்றிப் பயனில்லை, ரத்தக்கசிவுக்கு ஃபேக்டர் ஏழு ஏ மாதிரி, எட்டு இல்லாமலே ரத்தத்தை உறையவைக்கும் சுற்றுவழி மருந்துகள்தான். முதல் முறை பாசிட்டிவ் வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம், புது சாம்பிளில் மறுபடி பார்க்காமல் யாரும் முடிவு கட்டக்கூடாது, சின்ன எண்களில் சில தானாகவே மறைந்தும் போகும். அதே நேரம், இப்போது 0 என்பதை மட்டும் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். என்றைக்காவது 5ஐத் தாண்டியிருந்தால் உடம்பு அதை மறந்திருக்காது. வருடக்கணக்கில் ஃபேக்டர் போடாததால் டைட்டர் இறங்கிக் கிடக்கும், மறுபடி ஃபேக்டர் ஏறினால் ஐந்தாறு நாளில் எகிறும். ஆகவே வீட்டு நோட்டில் கடைசி எண்ணை விட முக்கியமாக இதுவரை வந்த உச்ச எண்ணை, தேதியோடும் முறையோடும் எழுதிவையுங்கள். ஒரே சாம்பிளுக்கு இரண்டு லேப் வேறு வேறு எண் தருவது இந்த டெஸ்டில் சாதாரணம், அதனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும்போது முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். இன்ஹிபிட்டரை ஒழிக்க நீண்ட காலம் தொடர்ந்து ஃபேக்டர் கொடுக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், அங்கே ஒவ்வொரு எண்ணையும் வைத்துத்தான் அடுத்த முடிவு.

ஹீமோஃபீலியா பி வீட்டாருக்குத் தனியாக ஒன்று. ஒன்பதுக்கு எதிரான ஆன்டிபாடி அபூர்வம், ஆனால் வரும்போது சில சமயம் கடுமையான ஒவ்வாமையோடு வரும், அதனால்தான் முதல் 10, 20 டோஸ்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஃபேக்டர் போட்டதும் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தது என்றால் அது மருந்து ஒத்துக்கொள்ளாத விஷயம் மட்டும் என்று விட்டுவிடாமல் இன்ஹிபிட்டரும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஆன்டிபாடி எட்டினதைப் போல நேரம் எடுத்துக்கொள்ளாது, கலந்த உடனேயே தெரிந்துவிடும்.

எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். பொதுவாக முதல் 20 ஃபேக்டர் நாட்களில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 50 வரை பத்து நாளுக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். ஃபேக்டர் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும். எமிசிசுமாப் போடுகிறவர்கள் "இனி எதற்கு இந்த டெஸ்ட்" என்று கேட்கிறார்கள். அடிபட்டாலோ ஆபரேஷன் என்றாலோ ஃபேக்டர் ஏற்றத்தான் வேண்டியிருக்கும், அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சாம்பிள் அனுப்பி, ராத்திரிக்குள் ரிசல்ட் வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். சூட்டில் வைக்க இரண்டு மணி நேரம், அதற்கு முன் சூடாக்கி அழிக்கும் வேலை இருந்தால் அது, அதற்குப் பின் ஒவ்வொரு நீர்த்தலுக்கும் ஃபேக்டர் அளவு, எண் ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து. ஒரு வாரம் முன்பே கொடுங்கள், கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் கடைசியாகப் போட்ட மருந்தின் பெயர், டோஸ், தேதி, நேரம், எமிசிசுமாப் உண்டா இல்லையா, ரத்தம் கையில் எடுத்ததா போர்ட்டிலா, இதுவரை வந்த உச்ச டைட்டர் எவ்வளவு என்று எழுதி ட்யூபோடு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புங்கள். ஃபாரத்தில் இடம் இல்லாவிட்டாலும் அந்தக் காகிதத்தை நாங்கள் படிப்போம்.